நிலம், பொழப்பு, காதல்: சில பழைய படங்களும் பரிசல் ஓட்டுற அண்ணனும்

ஒகேனக்கல்ல சினிமா ஷூட்டிங் நடக்குறத எங்க பக்கத்து ஆளுங்க எல்லாருமே ஒரு தடவையாச்சும் பாத்திருப்போம். நான் பென்னாகரத்துல பன்னெண்டாவது படிக்கிறப்ப ஒரு பாட்டு ஷூட்டிங் பாத்தேன். ஹீரோவும் ஹீரோயினும் பரிசல்ல உக்காந்துட்டு வராங்க, பின்னாடி அருவி பொகையா எழும்புது, பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. ஆனா பரிசல் தானா போவாதில்ல, அத ஓட்டுற அண்ணன் ஒருத்தர் உள்ள இருக்காரு, அவரு தெரியக் கூடாதுன்னு கரையில இருந்து மைக்ல கத்துறாங்க, "அண்ணா குனிங்க, இன்னும் குனிங்க, ஃப்ரேம்ல வர்றீங்க". அவரும் துடுப்பப் புடிச்சிக்கிட்டே முதுக வளச்சு வளச்சு கடைசில பரிசலுக்குள்ளயே படுத்த மாதிரி ஆயிட்டாரு, ஓட்டுறவரு படுத்துட்டா பரிசல் என்ன பண்ணும், நின்ன எடத்துலயே சுத்துச்சு. அதுவும் நல்லாருக்குன்னு சொல்லி அதையும் ஒரு ஷாட்டா எடுத்துக்கிட்டாங்க.

அந்த அண்ணன் பல வருஷம் கழிச்சு எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது ஒரு பிரெஞ்சு படம் பாக்குறப்ப. 1934ல வந்த படம், பேரு 'லாதலாந்த்', எடுத்தவரு ழான் விகோ. அதுல ஹீரோவே படகு ஓட்டுறவன்தான். நம்ம ஊர்ல யாரக் குனியச் சொன்னாங்களோ அவன அங்க நிமுத்தி நிக்க வெச்சு, அவன் கல்யாணத்த, அவன் சண்டைய, அவன் தூங்காத ராத்திரிய படமா எடுத்து வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அந்த காலகட்டத்துப் படமா தேடித் தேடிப் பாக்க ஆரம்பிச்சேன், பகல்ல கடை, ராத்திரி ஹெட்போன், வீட்ல திட்டு.

1927ல இருந்து ஒரு பத்து வருஷத்துக்குள்ள வேற வேற நாட்டுல இந்த மாதிரி படங்க வந்திருக்கு. கதைய சொல்லச் சொன்னா ரெண்டு வரிக்கு மேல வராது. கல்யாணமான ஜோடி ஒண்ணு சண்ட போட்டு சேருது. நாலு பேரு ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்குப் போயிட்டு வராங்க. ஒரு பஸ்ஸு மலைய தாண்டி ரயில் ஸ்டேஷனுக்குப் போவுது. அவ்ளோதான் கதை. இதையெல்லாம் கவிதை மாதிரி படம்னு சொல்றது வழக்கமாயிடுச்சு, அந்த வார்த்தையில எனக்கு ஒரு சின்ன கோவம் உண்டு, ஏன்னா கவிதைன்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்க பனி, மௌனம், ஜன்னல் வழியா வெளிய பாக்குற பொண்ணு, இதுதான்னு முடிவு பண்ணிட்டு சேனல் மாத்திடுறாங்க. உண்மையில இந்தப் படங்கள்ல எல்லாரும் எதையாச்சும் செஞ்சுக்கிட்டேதான் இருக்காங்க, தொவைக்கிறாங்க, ஓட்டுறாங்க, கட்டுறாங்க, விக்கிறாங்க. அந்த வேலைக்கு நடுவுலதான் காதலும் நடக்குது.

இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சிக்க வெளிநாட்டு தியரி எதுவும் வேணாம், ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கிட்டு மறந்து போன முதல், கரு, உரி போதும். முதற்பொருள்னா நிலமும் பொழுதும். உரிப்பொருள்னா மனசுல நடக்குறது, சேர்றது, காத்திருக்குறது, ஊடல், பிரிவு, இரங்கல். இது ரெண்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், குறிஞ்சின்னா மலை, மலைன்னா சேர்றதுன்னு. நடுவுல இருக்குற கருப்பொருளத்தான் லிஸ்ட்டா படிச்சிட்டு விட்டுட்டோம். தொல்காப்பியம் அந்த லிஸ்ட்ல தெய்வம், சாப்பாடு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழுன்னு சொல்றதோட 'செய்தி'ன்னு ஒண்ண சொல்லுது. நியூஸ் இல்ல, அங்க செய்தின்னா தொழில், அந்த நிலத்து ஜனங்க செய்யிற வேலை.

இது சும்மா அலங்காரத்துக்கு வெச்ச லிஸ்ட் கெடையாது. குறிஞ்சிப் பாட்டுல அந்தப் பொண்ணு ஏன் தனியா மலைச்சரிவுல நிக்கிறா? தினைக்காட்டுல கிளி ஓட்ட வீட்ல அனுப்பி வெச்சிருக்காங்க. அந்த வேலை இருக்குறதாலதான் அவ அங்க இருக்கா, அவன் வந்து பேச முடியுது. தினை அறுத்துட்டா? கிளி ஓட்ட வேண்டிய தேவையே இல்ல, பொண்ணு வீட்டுக்குள்ள போயிடுவா, சந்திப்பு கட். அதனாலதான் தினை முத்துறத பாத்து தோழி பயப்படுறா. வெளைச்சலோட காலண்டர்தான் அங்க காதலோட காலண்டரும். இப்ப ஒகேனக்கல் பாட்டுக்கு வாங்க, அருவி இருக்கு, அது முதல். டூயட் இருக்கு, அது உரி. கருப்பொருள மட்டும் மைக் வெச்சு குனியச் சொல்லிட்டோம். அதனாலதான் அந்தப் பாட்ட ஒகேனக்கல்ல எடுத்தாலும் ஒண்ணுதான் சுவிட்சர்லாந்துல எடுத்தாலும் ஒண்ணுதான், ட்ரெஸ் மட்டும் மாறும்.

'லாதலாந்த்' கதைக்கு வர்றேன். ஜூலியெட்டுன்னு ஒரு கிராமத்துப் பொண்ணு, சரக்குப் படகு ஓட்டுற ழானைக் கல்யாணம் பண்ணிக்கிறா. கல்யாண ஊர்வலம் சர்ச்சுல இருந்து வயக்காட்டு வழியா நேரா ஆத்தங்கரைக்கே வருது, விருந்து கிருந்து எதுவும் இல்ல, படகுக்கு லேட்டாவுதுன்னு ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுறான். கல்யாண ட்ரெஸ்ஸோட அவ படகு மேல சாயங்கால வெளிச்சத்துல நடந்து போவா, கரை பின்னாடி நகந்து போவும், அந்த ஒரு ஷாட்ல அவளுக்குப் பொறந்த ஊரு முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் அவ குடும்பம் நடத்துற எடம் ஒரு குறுகலான கேபின். கூடவே ழூல்னு ஒரு கெழவன், ஒடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கும், கணக்கில்லாத பூனைங்க, பூனை ஒண்ணு இவங்க பெட்லயே குட்டி போட்டு வெச்சிருக்கும். ஜூலியெட்டு வந்த உடனே செய்யிற மொத வேலை எல்லாரோட அழுக்குத் துணியையும் கேட்டு வாங்கித் தொவைக்கிறது. கெழவன் வருஷக்கணக்கா சேத்து வெச்ச அழுக்கு.

இந்த சீன எங்க ஆயாவுக்கு லேப்டாப்ல போட்டுக் காட்டுனேன், பாஷை தெரியாது, சப்டைட்டிலும் படிக்க வராது. கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு, "அந்தப் புள்ள இத்தன துணியையும் தொவச்சு எங்கடா காயப் போடும், பனியா கொட்டுதே, காயுமா?" எந்த விமர்சகரும் இப்படி கேட்டு நான் படிச்சதில்ல. ஆனா அந்த ஜோடிக்குள்ள வர்ற பிரச்சனையே அதுதான், குளிரு, ஈரம், எடம் இல்லாத கேபின், எந்த ஊருலயும் எறங்காம தண்ணியிலயே ஓடுற பொழப்பு. ரேடியோவுல பாரிஸ் பாரிஸுன்னு கேக்குது, பாக்கணும்னு ஆசை வருது, அவனுக்கு வேலை முக்கியம், அவ கோச்சுக்கிட்டு எறங்கிப் போயிடுறா, அவன் கடுப்புல படக எடுத்துட்டுப் போயிடுறான். வில்லன்னு யாரும் கெடையாது. படகோட நேரமும் பொண்ணோட மனசும் ஒத்துப் போவல, அதான் சண்ட.

பிரிஞ்சதுக்கு அப்புறம் ரெண்டு விஷயம் நடக்குது. தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்து பாத்தா நமக்குப் புடிச்சவங்க மொகம் தெரியும்னு ஜூலியெட்டு முன்னாடி ஒரு தடவ சொல்லியிருப்பா, அப்ப அவன் வெளையாட்டா எடுத்துக்கிட்டான். இப்ப ஆத்துல குதிச்சு உள்ள முங்கித் தேடுறான், கல்யாண ட்ரெஸ்ல அவ மெதக்குறா. யோசிச்சுப் பாருங்க, வேற தொழில் பாக்குறவனா இருந்தா இந்த சீன் வராது, அவன் தெனமும் பொழைக்கிற தண்ணியே அவள காட்டுது. இன்னொண்ணு, ரெண்டு பேரும் வேற வேற எடத்துல தனியா படுத்து தூக்கம் வராம பொரளுறத மாத்தி மாத்தி காட்டுவாங்க, ரெண்டு பேரு மேலயும் ஒரே மாதிரி புள்ளி புள்ளியா நெழல் விழும். தொடல, பேசல, ஒரே எடத்துல கூட இல்ல. 1934ல இதுக்கு மேல எப்படி காட்டுறது, இன்னைக்குக் கூட பல பேருக்கு வராது.

கேமரா போரிஸ் காஃப்மன், சோவியத் டைரக்டர் ஸீகா வெர்டோவோட தம்பி, பின்னாடி அமெரிக்கா போயி ஆஸ்கர் வாங்குனாரு. மியூசிக் மோரீஸ் ஜோபேர். விகோவுக்கு டிபி, குளிர்காலத்துல ஆத்தோரமா ஷூட்டிங், ஒடம்பு மோசமாயிட்டே போச்சு. படத்த வெளியிட்ட கம்பெனி நீளம்னு சொல்லி வெட்டி, அப்ப ஹிட்டா இருந்த ஒரு பாட்ட உள்ள சொருகி, படத்துக்கு அந்தப் பாட்டோட பேரையே வெச்சு ரிலீஸ் பண்ணுனாங்க, அப்பயும் ஓடல. 1934 அக்டோபர் 5ந்தேதி விகோ செத்துட்டாரு, வயசு 29. அவரு நெனச்ச மாதிரி இருக்குற வடிவத்த 1990லதான் ஒட்டு போட்டு மீட்டாங்க. ஹிட் பாட்ட சொருகுற பழக்கம் நம்ம ஊர்ல மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்.

இதுக்கு ஏழு வருஷம் முன்னாடி 1927ல அமெரிக்காவுல முர்னாவ் எடுத்த 'சன்ரைஸ்' வந்துச்சு. முர்னாவ் ஜெர்மன்காரரு, ஃபாக்ஸ் கம்பெனி கூப்புட்டு காச கொட்டிக் குடுத்து எடுக்கச் சொன்னாங்க. கிராமத்து விவசாயி ஒருத்தன் டவுனுல இருந்து வந்த பொண்ணு மேல மயங்கி, அவ பேச்சக் கேட்டு பொண்டாட்டிய ஏரியில தள்ளிக் கொல்லப் பாக்குறான். படகு கவுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம், நீ மட்டும் தப்பிக்க ஒரு கோரைக் கட்டு வெச்சுக்கோன்னு அந்த டவுன் பொண்ணு சொல்லிக் குடுத்திருப்பா, அவனும் சேத்துல எறங்கி கோரை அறுத்து கட்டி வெச்சிருப்பான். கடைசி நேரத்துல கொல்ல மனசு வரல, பொண்டாட்டி பயந்து ஓட, அவன் பின்னாடியே கெஞ்சிக்கிட்டே போக, ரெண்டு பேரும் சிட்டி போயி சமாதானம் ஆயி திரும்பி வர்றப்ப நெஜமாவே புயல் வருது. இப்ப அந்தக் கோரைக் கட்ட அவன் அவ மேல கட்டி விடுறான், அவ உயிர காப்பாத்துறது அதுதான். நான் சொல்ற கருப்பொருள் இதுதாங்க. ஏரியோரத்துல மொளைக்கிற புல்லு, கொலைக்கு வெட்டுனது, தாலி மாதிரி ஆயிடுச்சு. யாரும் வசனம் பேசல, மௌனப் படம்.

அதுல ஒரு ட்ராம் சீன் இருக்கு. கொல்ல வந்தவன் கூடவே ஒரே பெட்டியில அவ உக்காந்திருக்கா, ரெண்டு பேரும் பேசல, ஜன்னலுக்கு வெளிய மொதல்ல காடு, அப்புறம் ஏரி, அப்புறம் பாக்டரி, அப்புறம் சிட்டி. நெலம் மாற மாற அவங்க நெலமையும் மாறுது. இதுக்காகவே தண்டவாளம் போட்டு சிட்டி செட்டு கட்டுனாங்க, காசு பூந்து வெளையாடிருக்கு. ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில கலக்குறத நம்ம இலக்கணம் திணை மயக்கம்னு சொல்லும், முதலும் கருவும் கலக்கலாம், உரிப்பொருள் மட்டும் கலக்கக் கூடாதுன்னு ஒரு விதி வேற போட்டு வெச்சிருக்கு. இந்த ட்ராம்ல அதுதான் நடக்குது, காடு சிட்டியாவுது, ஆனா அவ பயமும் அவன் குத்த உணர்ச்சியும் எறங்குற வரைக்கும் அப்படியே ஒட்டிக்கிட்டு வருது. மொதல் ஆஸ்கர்லயே ஒளிப்பதிவுக்கும், நடிச்ச ஜேனட் கேனருக்கும், கலைத்தரமான படம்னு தனியா ஒண்ணும் குடுத்தாங்க, ஆனா போட்ட காசுக்கு ஓடல.

மத்தத கொஞ்சம் வேகமா சொல்றேன். 1930ல வந்த 'பீப்பிள் ஆன் சண்டே' பெர்லின் படம். சியோட்மாக், உல்மர் டைரக்ஷன், எழுத்து பில்லி வைல்டர், கேமரா ஷுஃப்டான், கூட ஃப்ரெட் ஜின்னமன், பெரும்பாலும் சின்னப் பசங்க, அப்பறமா ஹாலிவுட்ல பெரிய பேரு. நடிகருங்களே இல்லாத படம்னு அவங்களே போட்டுக்கிட்டாங்க, டாக்ஸி ஓட்டுறவரு, ரெக்கார்டு கடையில வேலை பாக்குற பொண்ணு, ஒயின் விக்கிறவரு, இவங்க நெஜ வேலையே படத்துலயும் வேலை. ஞாயித்துக்கெழம வான்சே ஏரிக்குப் போறாங்க, சிரிக்கிறாங்க, ஒருத்தன் ஒருத்தியோட காட்டுக்குள்ள போறான், சாயங்காலம் பிரியறாங்க. டாக்ஸிகாரரோட ஜோடியா அதே வீட்ல இருக்குற பொண்ணு பிளான் போட்டுட்டு ஞாயிறு முழுக்க தூங்கியே கழிக்கிறா, எனக்கு ரொம்பப் புடிச்ச கேரக்டர் அதுதான். முடிவுல திங்கக்கெழம எல்லாரும் வேலைக்குப் போறாங்க, நாப்பது லட்சம் பேரு அடுத்த ஞாயித்துக்கெழமைக்காக காத்திருக்காங்கன்னு கார்டு போட்டு முடிச்சிடுவாங்க. மூணு வருஷத்துல ஹிட்லர் வந்தாரு, இந்தப் படத்த எடுத்தவங்கள்ல முக்கால்வாசி பேரு நாட்ட விட்டே போக வேண்டியதாயிடுச்சு. அதத் தெரிஞ்சிக்கிட்டு பாத்தா அந்த ஏரிக்கரை சிரிப்பு வேற மாதிரி தெரியுது.

அதே 1930ல உக்ரைன்ல தோவ்ஷென்கோ எடுத்த 'எர்த்'. கட்சி சொன்ன கூட்டுப் பண்ணை பிரச்சாரத்துக்காக எடுத்த படம்தான், ஆனா அவரு கண்ணு டிராக்டர்ல நிக்காம சூரியகாந்தியிலயும் ஆப்பிள்லயும் போயி போயி நிக்குது. டிராக்டர் ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம நின்னப்ப ஆம்பளைங்க எல்லாரும் சேந்து ஒண்ணுக்கு அடிச்சு ரொப்புவாங்க, சத்தியமா, அந்த சீன் இருக்கு. ராத்திரி ஜோடி ஜோடியா நெலா வெளிச்சத்துல அசையாம நிக்கிறாங்க, வசீல் காதலிய விட்டுட்டு தனியா மண் ரோட்டுல வீட்டுக்கு நடந்து வர்றான், சந்தோஷம் தாங்காம ஆட ஆரம்பிக்கிறான், புழுதி கெளம்புது, திடீர்னு விழுறான். சுட்டுட்டாங்க. சவ ஊர்வலத்துல ஆப்பிள் கெளைங்க அவன் மொகத்த ஒரசிக்கிட்டே போவும். பாலக்கோடு பக்கம் மண் ரோட்டுல பைக் போறப்ப பின்னாடி எழும்புற புழுதிய பாத்தா எனக்கு இப்பல்லாம் இந்தப் படம்தான்.

ஆனா தருமபுரி ஆளு ஒருத்தருக்கு ஒரே ஒரு படம்தான் காட்டலாம்னா நான் 'மிஸ்டர் தேங்க் யூ'வத்தான் காட்டுவேன். 1936, ஜப்பான், டைரக்டர் ஹிரோஷி ஷிமிஸு, எழுத்தாளர் கவபட்டாவோட சின்னக் கதைய வெச்சு எடுத்தது. இஸுன்னு ஒரு மலைப் பகுதி, அங்க ஓடுற பஸ்ஸு, டிரைவர் ஹாரன் அடிச்சு யாராச்சும் ஒதுங்கி வழி விட்டா தாண்டிப் போறப்ப "அரிகாத்தோ"ன்னு சொல்லுவாரு, அதாவது தேங்க்ஸ். கட்டைவண்டிக்காரருக்கு, வெறகு சொமக்குறவங்களுக்கு, கோழிக்குக் கூட சொல்லுவாரு. ஸ்டுடியோவுல வெச்சு எடுக்காம நெஜ ரோட்டுல நெஜ பஸ்ஸ ஓட்டி எடுத்தது, அதனால வளைவுல பஸ் திரும்புறப்ப நம்ம ஒடம்பும் சாயும். தொப்பூர் கணவாய்ல ஜன்னல் சீட்ல உக்காந்தவங்களுக்கு இது தனியா சொல்ல வேணாம்.

அந்த பஸ்ல ஒரு அம்மாவும் பொண்ணும் ஏறியிருக்காங்க. ஊர்ல பஞ்சம், வேலை இல்ல, பொண்ண டோக்கியோவுல விக்கக் கூட்டிட்டுப் போறா அம்மா. பஸ்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் விட்டு பேச மாட்டாங்க, பொண்ணு சீட்ல உக்காந்து வெளிய பாத்துட்டு வருது. டிரைவர் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்க காசு சேத்து வெச்சிருக்காரு. கூட வர்ற ஒரு தெகிரியமான பொம்பள, சிகரெட்டு புடிக்கிறவ, எல்லாரையும் கலாய்ச்சிட்டு வர்றவ, கடைசில போற போக்குல சொல்றா, அந்தக் கார் காசு இருந்தா ஒரு பொண்ண போகாம நிறுத்தலாமேன்னு. அடுத்த நாள் அதே பஸ்ஸு திரும்பி மலை ஏறுது, அந்தப் பொண்ணு உள்ள உக்காந்திருக்கா. காதல்னு ஒரு வார்த்த வெளிப்படையா வரல. டிரைவர் கண்ணாடியில பின்னாடி பாக்குறாரு, ஒரு நிமிஷம் கவனம் தப்பி பஸ் மலை ஓரத்துக்கு போயி நிக்குது, அவ்ளோதான் காதல் சீன்.

இடையில ஒரு எடத்துல கொரியாவுல இருந்து வந்த ரோடு கூலிங்க நடந்து போறாங்க, ரோட போட்டு முடிச்சாச்சு, அடுத்த வேலை எங்கயோ தூரத்துல. அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு டிரைவர்கிட்ட வந்து, இங்க செத்துப் போன எங்கப்பா கல்லறைய கொஞ்சம் பாத்துக்கோங்க, தண்ணி ஊத்துங்கன்னு கேக்குது. நாங்க போட்ட ரோடு, நாங்க ஒரு தடவ கூட பஸ்ல போனதில்லன்னும் சொல்லுது. ஒரு தடவயாச்சும் நல்ல ட்ரெஸ் போட்டு இந்த ரோட்டுல போவணும்னு ஆசைன்னும் சொல்லும். படம் அந்தப் பொண்ண பத்தினது இல்ல, ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போயிடுவா, ஆனா அந்த அழகான மலைப்பாதை அதுக்கப்புறம் அழகா மட்டும் தெரியாது. பெங்களூர்ல நாம பாக்குற பாதி அபார்ட்மெண்ட்டும் மேம்பாலமும் நம்ம பென்னாகரம், அரூர் பக்கத்து ஆளுங்க கையாலயும் எழும்புனது, அதுல குடியிருக்குறவங்க யாருன்னு நமக்குத் தெரியும்.

எங்க ஊரு டவுன் பஸ் டிரைவருங்களும் இப்படித்தான், ஆஸ்பத்திரி மாத்திரை, கல்யாணப் பத்திரிக, ஒரு தடவ உயிரோட கோழி, எல்லாம் டிரைவர் சீட்டுப் பக்கத்துல வரும். ஷிமிஸு படத்துலயும் கிராமத்துப் பொண்ணுங்க டிரைவர்கிட்ட பாட்டு ரெக்கார்டு வாங்கிட்டு வரச் சொல்லி வழி மறிப்பாங்க. அப்படி ஒரு டிரைவரு நம்ம படத்துல ஹீரோவா வந்திருந்தா இடைவேளைக்குள்ள நாலு பேர அடிச்சிருப்பாரு.

சரி, ஏன் அந்தப் பத்து வருஷத்துல மட்டும் இது இவ்வளவு வந்துச்சு? ரசனை ஒரு காரணம், ஆனா எனக்குப் பட்டது, சாமானும் காரணம். மௌனப் பட கேமராவ தூக்கிக்கிட்டு எங்க வேணா போலாம், சத்தம் போட்டாலும் கவலையில்ல. வசனம் கெடையாதுன்றதால மனசுல இருக்குறத கோரைப் புல்லு வழியாவோ ட்ராம் ஜன்னல் வழியாவோ காட்டியே ஆகணும். இன்னொண்ணு பிலிம். பழைய பிலிம் செகப்பு நெறத்த வாங்காது, நீல வானம் வெள்ளையா வெளுத்துப் போயிடும், மேகமே தெரியாது. 1920களோட பின்பாதியில எல்லா நெறத்தையும் வாங்குற பான்குரோமட்டிக் பிலிம் பரவலா வந்த பிறகு வானம் வானமா தெரிய ஆரம்பிச்சுது, அந்தி வெளிச்சம், எலை, தண்ணி எல்லாத்துக்கும் தனித்தனி சாம்பல் கெடச்சுது. அப்புறம் 1927 அக்டோபர்ல பேசும் படம் வந்து சில வருஷத்துக்கு எல்லாத்தையும் கெடுத்துச்சு. கேமரா ஓடுற சத்தம் மைக்ல விழக்கூடாதுன்னு கேமராவையும் கேமராமேனையும் சேத்து கண்ணாடி வெச்ச பொட்டிக்குள்ள பூட்டிட்டாங்க. வெளிய ஓடிட்டு இருந்தத கட்டிப் போட்ட மாதிரி.

தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சது சரியா இந்த பொட்டி காலத்துலதான். 1931ல 'காளிதாஸ்', பம்பாய் ஸ்டுடியோவுல எடுத்தது. நாடகக் கம்பெனியில இருந்து வந்த நடிகருங்க, பாட்டு, புராணம், எல்லாமே ஸ்டுடியோவுக்குள்ள அடங்குற சமாச்சாரம், வெளிய போக வேண்டிய தேவை இல்ல, போனா சத்தப் பிரச்சனை. 1930கள்லயே சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் வந்துடுச்சு. 1965 அக்டோபர் 2 வரைக்கும் தருமபுரியே சேலம் ஜில்லாவுலதான் இருந்துச்சு, ஆக எங்க ஜில்லாவுலயே நூத்துக்கும் மேல படம் எடுத்த ஒரு பெரிய ஸ்டுடியோ இருந்திருக்கு, தமிழோட மொதல் முழுநீள கலர் படம் 1956ல அங்க இருந்துதான் வந்துச்சு. ஏற்காடு ரோட்டுல இப்ப அந்த நுழைவு வளைவு மட்டும் நிக்குது, போறப்ப வர்றப்ப பாத்துருப்பீங்க. அத நடத்துன டி.ஆர்.சுந்தரம் பெரிய ஆளு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த மாதிரி கட்டுக்கோப்பான ஸ்டுடியோ முறையில காத்துக்கும் மழைக்கும் எடமில்ல. மழைக்காக ஒரு நாள் காத்திருந்தா செலவு.

காத்திருக்குறதுதான் இந்தப் படங்களோட ரகசியமே. பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெண்வார் 1936ல ஆத்தங்கரை பிக்னிக் பத்தி ஒரு சின்னப் படம் எடுக்கப் போனாரு, வெயில நம்பிப் போனவருக்கு மழையா கொட்டுச்சு, படம் பாதியில நின்னுச்சு, பத்து வருஷம் கழிச்சு 1946ல தான் அந்த பாதிப் படமே ரிலீஸ் ஆச்சு. ஆனா அந்த மழை, ஆத்துத் தண்ணி மேல புள்ளி புள்ளியா விழுறது, அதுதான் இன்னைக்குப் படத்தோட உசுரு. சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'க்கு நாணல் பூத்திருந்த காட்ட பாத்து வெச்சிட்டு ஒரு நாள் எடுத்தாரு, அடுத்த வாரம் போனா மாடு மேஞ்சு மொத்தமா தின்னுடுச்சு, அடுத்த வருஷம் பூக்குற வரைக்கும் இருந்து மிச்சத்த எடுத்தாரு. அதுல காதல் இல்ல, அதுக்காக 1959ல வந்த 'அபுர் சன்சார்' பாக்கணும், ரயில் பொக வர்ற மொட்டமாடி ரூம்ல கரி அடுப்பு பத்த வெக்கிற புதுப் பொண்டாட்டி, சிகரெட்டு பாக்கெட்டுக்குள்ள அவ எழுதி வெச்ச சீட்டு. கல்யாண வாழ்க்கைய இத விட சிக்கனமா யாரும் சொல்லல.

நம்ம பக்கம் கேமரா உண்மையா வெளிய வந்தது 1977ல '16 வயதினிலே'ல இருந்து. அடுத்த வருஷமே மகேந்திரனோட 'முள்ளும் மலரும்', கேமரா பாலு மகேந்திரா. காளின்னா எல்லாருக்கும் ரஜினி ஸ்டைல் ஞாபகம் வரும், எனக்கு விஞ்ச் ஞாபகம் வரும். மலை மேல ஏறி எறங்குற அந்த விஞ்ச்ச ஓட்டுறவன் காளி, ஊர் ஜனங்கள காசில்லாம ஏத்திக்கிட்டு போறான், இஞ்சினியரு கூடாதுங்குறாரு, அங்க தொடங்குது மொத்த சண்டையும், தங்கச்சி கல்யாணம் வரைக்கும் அதுதான் போவுது. விஞ்ச்ச எடுத்துட்டா கதை நிக்காது. விகோவோட படகு, ஷிமிஸுவோட பஸ்ஸு, மகேந்திரனோட விஞ்ச், மூணும் ஒரே வரிசையில நிக்க வேண்டிய சாமானுங்க. ஆனா நம்ம ஆளுங்க அந்தப் படங்கள்ல இருந்து எடுத்துக்கிட்டது பச்சை வயலையும் ஆத்தங்கரையையும் தாவணியையும்தான், தொழில எடுத்துக்கல. பத்து வருஷத்துல கிராமத்துப் படம்னாலே பஞ்சாயத்தும் அருவாளும்னு ஆயிடுச்சு.

எங்க தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இல்லாததா? கிருஷ்ணகிரியில மாங்கா சீசன்ல ராவோட ராவா டிராக்டர்ல பெங்களூரா மாங்கா ஏத்திக்கிட்டு கூழ் ஃபேக்டரி வாசல்ல லைன்ல நிக்கிறாங்க, வரிச நகர ஒரு நாளு கூட ஆவும், அந்த லைன்ல எத்தன கதை இருக்கும். ராயக்கோட்டை தக்காளி மண்டி இருக்கு, வெல விழுந்தா ரோட்டோரமா கொட்டிட்டுப் போற நாளு இருக்கு. பாலை திணையில பொருள்வயிற் பிரிவுன்னு ஒண்ணு சொல்லுவாங்க, சம்பாதிக்கிறதுக்காக பொண்டாட்டிய விட்டுட்டுப் போறது. அதியமான் காலத்துல இந்த மண்ண தகடூருன்னாங்க, இப்ப தருமபுரின்னு பேரு, பிரிவு மட்டும் மாறல, ஒசூர் கம்பெனிக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போயிட்டேதான் இருக்காங்க.

ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டு மணிக்கு மேல தருமபுரி பஸ் ஸ்டாண்டுல பெங்களூர் பஸ் நிக்கிற எடத்துக்குப் போயி பாருங்க. போன வாரம் நான் பாத்தேன், புதுசா கல்யாணம் ஆனவங்க போல, அவன் பஸ்ஸுக்குள்ள எடம் புடிச்சு ஜன்னல் வழியா கைய நீட்டுறான், அவ கீழ இருந்து ராகி மாவு மூட்டைய குடுக்குறா, மூட்டை ஜன்னல்ல நொழையல. பெருசா கட்டிட்டா. அவன் திரும்பக் கீழ எறங்கி வந்தா சீட்டு போயிடும், அதனால அவ அங்கயே உக்காந்து மூட்டையப் பிரிச்சு ரெண்டா கட்ட ஆரம்பிச்சா, கண்டக்டர் விசிலு ஊதிட்டாரு, டிரைவரு மட்டும் கண்ணாடியில பாத்துட்டு எடுக்காம நின்னாரு.